எழுத்தைத் தேடுவோர் பொருளையும் தேடுக

எழுத்துக்களைக் கூட்டிச் சொல்லாக்கி ஆடும் ஆட்டங்களுள் எம் மாணவர் இன்று விரும்பி ஆடுவனவற்றில் ஒன்று ஸ்கிரபிள் என்னும் ஆங்கில ஆட்டமாகும். யூபிலி மலரிலே ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். தகும் என்பதே எம் துணிபு. வகுப்பறையிற் பெற்ற கல்வி எத்தகையதென்பது, மாணவர் ஓய்வு நேரத்தில் ஆடும் ஆட்டத்திலேதான் பெரும்பாலும் வெளிப்படுகின்றது.

அண்மையில் மாணவர் இருவர் இவ்வாட்டம் ஆடக் கண்டோம். அவருள் ஒருவர் ஆறெழுத்துச் சொல் ஒன்றைப் பலகையில் அமைத்து, அதனைப் ‘பூனாக்’ என்று வாசித்தார். எதிரே இருந்தவர் அப்படியொரு சொல் இல்லையென மறுத்தார். சொற்பட்டியலைப் பார்த்தபோது சொல் அங்கே இருந்தது. எழுத்து மதிப்பின்படி பத்துப் புள்ளியும் கிடைத்தது. சொல்லின் பொருள் யாதென வினவினோம். “பொருள் தெரியாது ஐயா, பட்டியலில் உண்டு என்பது தெரியும்” என்றார். மறுத்தவருக்கும் தெரியவில்லை. அச்சொல் வேறொன்றுமன்று, எம் வீட்டுத் தொழுவங்களிற் பசுவுக்கு இடும் பிண்ணாக்கே அது! தமிழிலும் சிங்களத்திலும் வழங்கும் சொல் இலங்கையிலிருந்த ஆங்கிலேயர் வாயிற் புகுந்து, அவர்தம் அகராதியிலும் ஏறி, மீண்டும் எம் மாணவர் கைக்கு வந்தபோது அந்நியப் பொருளாய் நின்றது. இந்நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆட்டத்தை நாம் குறைகூற முற்படவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது தொழிலிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞராகிய அல்பிரட் பட்ஸ் என்பவர், செய்தித்தாள்களில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றதென எண்ணிப் பார்த்து இதனை வகுத்தார். 1948ஆம் ஆண்டில் ஜேம்ஸ் புரூனோ என்பவர் முயற்சியால் இதற்கு இன்றைய பெயர் வாய்த்தது. ஆங்கில ஆட்டத்திலுள்ள 100 துண்டுகளுள் ‘ஈ’ என்னும் எழுத்து 12 முறை வரும். அதன் மதிப்பு ஒரு புள்ளி. ‘கியூ’ ஒரேயொரு முறை வரும். அதன் மதிப்புப் பத்து. பன்மை விகுதியாகிய ‘எஸ்’ மலிந்தால் ஆட்டம் எளிதாகிவிடுமென்று நான்கு துண்டுகளே வைத்தார். ஒரு மொழியின் எழுத்து வழக்கை இவ்வாறு எண்ணி அளந்து சமைத்த ஆட்டம் அறிவுடையோர் ஆடுதற்கு உரியதே.

சொல்லைத் தேடும் முறையும் அறிவுக்கு நல்ல பயிற்சியாகும். தேர்ந்த ஆட்டக்காரர் கையில் வந்த ஏழெழுத்துக்களையும் வந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டிரார். இடம் மாற்றி மாற்றி வைப்பார். ‘ஐ, என், ஜீ’ மூன்றும் இருப்பின், பல சொற்களுக்கு ஈறாகுமென அவற்றை வலப்புறம் ஒதுக்குவார். ‘யூ, என்’ இருப்பின், எதிர்மறை குறிக்கும் முன்னொட்டாகுமென இடப்புறம் வைப்பார். ‘சீ, கே’ இணைந்து சொல்லின் இடையிலும் கடையிலும் வருமேயன்றி முதலில் வாராதென்பதை அறிவார். ‘கியூ’ வந்தால் ‘யூ’வைத் தேடுவார். அது கிடையாவிடின் பிற மொழிகளிலிருந்து புகுந்த சொற்களை நினைவுகூர்வார். இஸ்லாமிய நீதிபதியைக் குறிக்கும் காதி என்னும் அரபுச் சொல்லும், உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’ என்னும் சீனச் சொல்லும் ஆங்கிலத்தில் ‘கியூ’வை முதலாகக் கொண்டு ‘யூ’ இன்றி எழுதப்படுவன.

நன்னூல் கற்றோருக்கு இம்முறை புதிதன்று. மொழிக்கு முதலாகும் எழுத்துக்கள் 22, ஈறாகும் எழுத்துக்கள் 24, இடையில் மயங்கும் மெய்கள் இன்னின்னவென எழுத்தியல் வரையறுப்பதும் இவ்வகை நோக்கேயாம். எழுத்தியலைச் சுமையெனக் கருதும் மாணவர், ஆங்கிலத்துக்கு அத்தகைய எழுத்தியலொன்றைத் தாமே விளையாட்டாகச் சமைத்துக்கொள்கின்றனர் என்பது மகிழ்தற்குரியது.

ஆயின் இக்காலத்தில் இத்தேடலைப் பொறியொன்று தன்மேல் ஏற்றுக்கொண்டது. கைத்தொலைபேசியில் ஏழெழுத்துக்களைப் பதிந்தால், அவற்றாலாகும் சொற்கள் அனைத்தும் இமைப்பொழுதில் வரிசையாக நிற்கும். அவ்வரிசையை மனனஞ் செய்வதே பயிற்சியென மாணவர் பலர் எண்ணுகின்றனர். பொருளறியாது வெல்லவும் கூடும் என்பதற்குச் சான்றுமுண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாதவராயிருந்தும், சொற்பட்டியலை மனத்திலிருத்தி 2015ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் போட்டியில் வாகை சூடினார். அவர் நினைவாற்றலை நாம் வியக்கின்றோம். ஆட்ட விதியும் பொருளைக் கேட்பதில்லை. ஆனால் வெற்றி வீரர் ஒருவருக்குப் போதுமானது, வளரும் மாணவனுக்குப் போதுமானதன்று.

மனனஞ் செய்தலே தவறென்று நாம் கூறவில்லை. எம் முன்னோர் மனனஞ் செய்தே கற்றனர். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுப்பது. அதிலுள்ள சொற்கள் இரண்டாம் எழுத்தைக் கொண்டு எதுகை முறையில் அடுக்கப்பட்டுள்ளன. இன்ன எழுத்து இரண்டாவதாக வருஞ் சொற்கள் யாவை எனத் தேடும் புலவனுக்கு இதனிலும் சிறந்த துணையுண்டோ? யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளிற் சிறுவர் இந்நிகண்டை மனனஞ் செய்தனர். எனினும் அங்கே எழுத்தை நினைத்தவன் வாயிற் சொல்லும், சொல்லைத் தொடர்ந்து பொருளும் சேர்ந்தே வந்தன. பொருளை நீக்கிச் சொல்லை மட்டும் மனனஞ் செய்யும் முறை அவர் அறியாதது. இன்றைய பட்டியலுக்கும் அன்றைய நிகண்டுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆதலின் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மூன்று யோசனைகளைக் கூற விரும்புகின்றோம். முதலாவது, பயிற்சியின்போது கால்மணி நேரமேனும் தம் அறிவினால் தேடிய பின்னரே பொறியை நாடுக. தேடிக் களைத்தபின் காணுஞ் சொல் மனத்தில் நிலைக்கும். தேடாது பெற்ற சொல் மறுநாளே மறையும். இரண்டாவது, பொறி தரும் புதுச்சொல் ஒவ்வொன்றையும் அகராதியிற் பார்த்து, பொருளையும் பிறந்த மொழியையும் குறிப்பேட்டில் எழுதுக. அவ்வாறு பார்ப்பவர் கட்டுமரமும், சுருட்டும், கஞ்சியும், வெட்டிவேரும், அணைக்கட்டும், மிளகுத்தண்ணீரும் ஆங்கில உடை தரித்து நிற்பதைக் கண்டு வியப்பர். மூன்றாவது, வெளிப்போட்டிகளில் அவற்றின் விதிக்கே அமைக. கல்லூரி இல்லங்களுக்கிடையிலான போட்டிகளில் மட்டும், தாம் அமைத்த சொல்லின் பொருளைக் கூறவல்லார்க்கு ஐந்து புள்ளி மேலதிகமாக வழங்குக.

இதனால் ஆட்டத்தின் விரைவு கெடுமெனச் சிலர் கூறுவர். சிறிது கெடும், அதனை மறுக்கமாட்டோம். ஆயின் அச்சிறு தாமதத்தில் ஒரு மாணவன் தன் வீட்டுத் தொழுவத்துச் சொல்லை அடையாளங் கண்டுகொள்வானாயின், இழந்த நேரத்திலும் பெற்ற பயன் பெரிதன்றோ? பூனாக் என்றால் என்னவென இனி ஒருவர் வினவும்போது, எம் மாணவர் தலைகுனியாது சிரித்துக்கொண்டே விடை கூறுவாராக.