கொம்பன்று, பல்லே!

அரும்பொருள்களைத் தேடித் தொகுக்கும் ஆர்வம் மக்களுக்கு இயல்பாக அமைந்தது. சங்கும் சோழியும் சேர்க்கும் சிறுவர் முதல், கருவூலம் நிறைக்கும் வேந்தர் வரை அவ்வார்வம் அனைவரிடத்தும் உண்டு. ஆயினும், தொகுத்தல் மட்டும் அறிவாகாது. தொகுத்த பொருளின் இயல்பை ஆராய்ந்து தெளிதலே அறிவாகும். இதற்கு நார்வால் என்னும் திமிங்கிலத்தின் தந்தம் தக்கதொரு சான்றாகும்.

நார்வால், கிரீன்லாந்து, கனடா முதலிய நாடுகளை அடுத்த வடதுருவப் பனிக்கடல்களில் வாழ்வது. பெரும்பாலும் ஆண் திமிங்கிலத்திற்கே தந்தம் உண்டு. அதன் மேல்தாடையின் இடப்புறத்துப் பல் ஒன்று, உதட்டைத் துளைத்துக்கொண்டு, முறுக்கிய கயிறு போலத் திருகி, முன்னோக்கி நேராக வளரும். அதன் நீளம் 2½ மீட்டரைக் கடப்பதும் உண்டு. தமிழில் மருப்பு என்னும் சொல், மாட்டின் கொம்பையும் யானையின் தந்தத்தையும் ஒருங்கே குறிக்கும். சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு. கொம்பு வேறு, பல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் மயங்கியிருந்தனர்.

வடகடலிலிருந்து வந்த இத்தந்தத்தை, கதைகளில் வரும் ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பென்றே அவர்கள் நம்பினர். அது நஞ்சை முறிக்கும் என்றும் கருதினர். நஞ்சுக்கு அஞ்சிய அரசர்கள் அதனைப் பெரும்பொருள் ஈந்து வாங்கினர். நோயாளிகளுக்கு அதன் பொடி மருந்தாக விற்கப்பட்டது. மார்ட்டின் ஃபிரோபிஷர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1577-இல் வடகடற் பயணத்தில் கண்டெடுத்த தந்தம், முதலாம் எலிசபெத் அரசியாரின் அரும்பொருளாயிற்று.

இம்மயக்கத்தை அகற்ற முயன்ற இருவரை நாம் போற்றுதல் வேண்டும். ஒருவர், பிரெஞ்சு அரசர்களுக்கு மருத்துவராயிருந்த அம்புருவாஸ் பாரே. அவர் 1582-இல் வெளியிட்ட நூலில், அக்கொம்பை மருந்தென்று கொள்வதை மறுத்து எழுதினார். அரசர் நம்புவதை அரசரை அண்டி வாழ்பவர் மறுப்பது எளிய செயலன்று. மற்றொருவர், டென்மார்க்கு நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஓலே வோர்ம். மாணவர்க்குக் கற்பிக்கும் பொருட்டு அவர் அரும்பொருட் காட்சிச்சாலை ஒன்றை அமைத்திருந்தார். தந்தம் பொருந்திய மண்டையோட்டை ஆராய்ந்து, அது திமிங்கிலத்தின் பல்லே என்று 1638-இல் அவர் நிறுவினார்.

உண்மை வெளிப்பட்ட கோபன்ஹேகன் நகரிலேயே, நார்வால் தந்தங்களால் அணிசெய்த அரியணை ஒன்று அதன் பின்னர் உருவாயிற்று. 1671-இல் ஐந்தாம் கிறிஸ்டியன் மன்னரின் முடிசூட்டு விழாவில் அது பயன்பட்டது. ஒரு பொருளைப் பற்றிப் பரவிய பெருமை எளிதில் அகல்வதில்லை என்பதற்கு இதுவே சான்று.

‘கதை இனியது, ஆராய்ச்சி அவ்வினிமையைக் கெடுக்கின்றதே’ என்பர் சிலர். அஃது ஏற்கத்தக்கதன்று. பொய்ம்மருந்தை நம்பிய நோயாளிக்கு அக்கதை இனியதாகுமா? மேலும், உண்மை கதையினும் வியப்புடையது. அப்பல் கடல்நீரின் உப்பு மாற்றத்தை உணர வல்லது என்று 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கூறுகின்றது. அத்தந்தத்தால் மீனை அடித்துத் திகைக்கச் செய்து உண்ணும் காட்சி, கனடாக் கடலில் எடுக்கப்பட்டு 2017-இல் வெளியிடப்பட்டது.

பனிநாட்டு இனூயிட் மக்கள் உணவின் பொருட்டு நார்வாலை வேட்டையாடுகின்றனர். தந்த வாணிகமோ இன்று பன்னாட்டு உடன்பாட்டின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆதலின் அரும்பொருள் சேர்ப்போர், ‘இஃது என்ன விலை?’ என்று கேட்பதற்கு முன், ‘இஃது என்ன? எவ்வுயிரினுடையது? எவ்வாறு வந்தது?’ என்று கேட்டல் வேண்டும். மாணவர்களே, இவ்வினாக்களுக்கு விடையறியாதார் சேர்க்கும் பொருள் வெறுங்குவியலே. விடையறிந்தார் வைத்திருக்கும் சிறு சோழியும் ஒரு பள்ளிக்கூடமாகும்.