காலி கேனோடு கடலுக்குப் போகிறவர்

விரிஞ்சிபுரத்தில் கடல் பார்த்தேன். சிரிக்காதீர்கள். வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிற அந்த ஊருக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர் ரோடு கிடக்கிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தேன். ஒரு நண்பர் வீட்டு ஹாலில், நாலடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள், நீல விளக்கு வெளிச்சத்தில் அசைந்துகொண்டிருந்தது கடல்.

நண்பருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. மனுஷன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள். 2003-ல் நீமோ படம் வந்ததிலிருந்து பிள்ளைகள் கேட்டு அழுகிற அதே ஆரஞ்சு மீன்தான். பாறைமேல் காளான் மாதிரி விரிந்து சுருங்கும் மென்மையான பவள வகைகள். கல்லாக இறுகும் பவளம் ஒன்றுகூட இல்லை. 2001-ல் அவற்றை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு என்ன சட்டமோ அதுதான் பவளத்துக்கும். நண்பருக்கு அது தெரியும். ஆகவே மன்னார் வளைகுடாவில் யாரோ உடைத்து வந்த துண்டு எதுவும் அங்கே கிடையாது. அரை மணி நேரம் வாய் பிளந்து நின்றேன். காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

"உப்பு பாக்கெட் வாங்கிக் கலக்கறீங்களா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாக்கெட்டா? ஒரிஜினல் கடல் தண்ணிண்ணே! கோவளத்துல படகுக்காரர்கிட்ட சொல்லிவெச்சிருக்கேன். கரையோரம் மொள்ளக்கூடாது. உள்ளே போய் எடுத்துத் தருவாரு. மாசம் நாலு கேன்."

வீட்டுக்குக் குடிதண்ணீர் போடுவார்களே, அந்த இருபது லிட்டர் கேன். மாதம் ஒருமுறை சென்னைக்கு வேலையாகப் போகும்போது காலி கேன்களோடு போகிறார். நிரப்பிக்கொண்டு வருகிறார். இதில் அவர் சொல்லும் நியாயமெல்லாம் சரியானதுதான். வெளிநாட்டு உப்புத் தூள் யானை விலை. இயற்கைக் கடல் நீரில் கால்சியம், மெக்னீசியம் முதல் பெயர் வாயில் நுழையாத நுண் தாதுக்கள் வரை பவளத்துக்கு வேண்டியது அத்தனையும் அதற்குப் பழகிய அளவில் இருக்கிறது. ஆபத்தும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரக் கடல் நீர்த்துப்போகும். கூவமும் அடையாறும் அந்த நேரத்தில் என்னவெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததையும் பார்த்தோம். அதனால்தான் அவர் கோவளத்துக்குப் போகிறார், உள்ளே போய் எடுக்கச் சொல்கிறார், வந்ததும் துணியில் வடிகட்டி இருட்டில் வைக்கிறார், உப்பின் அளவைப் பார்த்த பிறகே தொட்டியில் விடுகிறார். ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குக்கூட நம் வீடுகளில் இத்தனை பக்குவம் பார்ப்பதில்லை.

சரி, பிரச்னை என்ன என்கிறீர்களா? சொல்கிறேன்.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஆகவே குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். "போர் தண்ணி ஊத்துவீங்களா?" என்றேன். பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர். அடுக்களைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து அதில் முக்கினார். நான்கு இலக்கத்தில் எண் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. "இதை ஊத்துனா மொத்தமும் பாசி புடிச்சுப் போயிடும்ணே. மீனுக்கு ஆர்.ஓ. தண்ணிதான்" என்றார்.

கவனித்தீர்களா? அந்த ஊர் மண்ணுக்கு அடியில் இருக்கிற தண்ணீர் மீனுக்கு ஆகாது. அதுவும் உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்கிற மீனுக்கு! இதே தண்ணீரில்தான் தெரு முழுக்கக் குளிக்கிறது, துவைக்கிறது, ஆர்.ஓ. வாங்க வக்கில்லாத வீடுகளில் சமைக்கவும் செய்கிறது.

பேசிக்கொண்டே தொட்டியிலிருந்து ஒரு ட்யூபை இறக்கி, பழைய தண்ணீரை பக்கெட்டில் வடித்தார். இரண்டு வாரத்துக்கு 40 லிட்டர் இப்படி மாற்ற வேண்டுமாம். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தென்னை மரத்தடியில் தளும்பத் தளும்ப ஊற்றினார். இந்த இடத்தில்தான் எனக்குக் காபி கசந்தது.

கணக்குப் போடலாம் வாருங்கள். கடல் நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. 40 லிட்டரில் 1,400 கிராம். வருஷத்துக்கு இருபத்தாறு முறை. 36 கிலோ! நாலு பேர் உள்ள குடும்பம் வருஷத்துக்குப் பதினைந்து கிலோ உப்பு சாப்பிட்டாலே டாக்டர் திட்டுவார். இந்த 36 கிலோவை அவர் ஒரே மரத்தடியில் கொட்டுகிறார். ஒவ்வொரு 40 லிட்டரும், ஒரு பொட்டு உப்பில்லாத 2,800 லிட்டர் மழைத் தண்ணீரை அந்த 500 மில்லிகிராம் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது.

இன்னொரு கணக்கு இதைவிடக் கூசும். தோல் ஷாப்புகள் கழிவு நீரை வெளியே விடுவதானால், அதில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட கோடு. நண்பர் ஊற்றிய தண்ணீர் 35,000. கோட்டைப் போலப் பதினாறு மடங்குக்கும் மேலே. அதே தண்ணீரை ஒரு தோல் ஷாப் குழாய் வழியாக விட்டிருந்தால், நண்பரே முதல் ஆளாக மனு எழுதியிருப்பார். எழுதியும் இருக்கிறார், அது வேறு கதை.

உடனே நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். "என்ன சார், ஒரு பக்கெட் தண்ணீரையும் தோல் ஷாப்பையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே?" நியாயம். ஒரே தராசில் வைக்கவில்லை. ஒரு கிலோ பச்சைத் தோல் அழுகாமல் இருக்க முந்நூறு, நானூறு கிராம் உப்பைத் தடவுகிறார்கள். ஷாப்பில் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. கழுவிய உப்பு எங்கே போனது? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று வரிசையாகப் பாலாற்றுக்கும் அதைச் சார்ந்த நிலத்துக்கும் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது: தோல் ஷாப்புகள் இருக்கிற பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ். இந்தியச் சட்டப் படிப்பில் ஒவ்வொரு மாணவனும் மனப்பாடம் செய்கிற தீர்ப்பு அது. மாசு செய்தவன் காசு கொடு, ஆபத்து வரும் என்று தெரிந்தால் வருமுன் தடு என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டம் என்று அங்கேதான் சொன்னார்கள். உலகத்துக்கே பாடம் நடத்திய பாலாறு, தான் மட்டும் பாஸாகவில்லை. 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம் திரும்பவும் உட்கார்ந்து, இழப்பீட்டைக் கொடு, செய்தவனிடம் வசூலி, கண்காணிக்கக் குழு போடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து!

ஆனால் ஒன்று யோசியுங்கள். 1996-ல் கோர்ட்டில் எண்ணிய தோல் ஷாப்புகள் தொள்ளாயிரத்துக்கும் மேல். வழக்கு என்று வந்த பிறகுதான் அது தொள்ளாயிரம். அதற்கு முன்பு ஒவ்வொருவருக்கும் அது 'நம்ம ஒரு ஷாப்', அவ்வளவுதான். "நான் விடுற தண்ணியாலயா ஆறு கெடப்போவுது?" என்று ஒவ்வொருவரும் கேட்டிருப்பார்கள். நண்பர் என்னிடம் கேட்டதும் எழுத்து மாறாமல் அதேதான்.

அடுத்து, தென்னை. "தென்னைக்கு உப்பு நல்லதுண்ணே. கன்னு வைக்கிறப்பவே குழியில உப்பு போடுவாங்களே." போடுவார்கள், ஒரு கை. தென்னை மற்ற மரங்களைவிட உப்பைத் தாங்கும், அதுவும் உண்மை. ஆனால் அது உப்பைத் தின்றுவிடுவதில்லை. வேர் தண்ணீரை உறிஞ்சும், வெயில் மிச்சத்தை உறிஞ்சும், உப்பு மண்ணிலேயே தங்கும். அடுத்த மழையில் கீழே இறங்கும். கீழே இருப்பது அவர் மீட்டரில் நான்கு இலக்கம் காட்டிய அதே ஊற்று. தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான் என்று எனக்குப் பாடம் எடுத்தவர், கொல்லையில் அதை மறந்துவிட்டார்.

கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதற்குத்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "பாலாறு ஏற்கனவே செத்துப்போச்சு. இனிமே இதுல என்ன?"

அப்படியா? கார்த்திகைக் கடைசி ஞாயிறு ராத்திரி நீங்கள் விரிஞ்சிபுரம் போயிருக்கிறீர்களா? கடை ஞாயிறு என்பார்கள். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் சிம்ம தீர்த்தத்தில் குளித்து, ஈரத்துணியோடு பிராகாரத்தில் படுத்துக்கிடப்பார்கள், குழந்தை வேண்டும் என்று வந்த பெண்கள். ஊர் ஊராக வந்து முட்டி மோதும் கூட்டம். எனக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. அந்த ஊர்த் தண்ணீரை இன்னும் சிலர் உயிர் தரும் தண்ணீராக நினைத்து, நடுங்கிக்கொண்டே இறங்குகிறார்கள். செத்துப்போச்சு என்று தலைமுழுகிவிட்டது ஆர்.ஓ. வைத்திருக்கிற நாம்தான். 2021 நவம்பரில் இதே பாலாறு கரை கொள்ளாமல் ஓடியதை டி.வி.யில் பார்த்தீர்களே. அப்படி ஒரு வெள்ளம் வந்து கொஞ்சம் கழுவிவிட்டுப் போனால், அதற்குப் பிறகு நாம் எதைச் சேர்க்கிறோம் என்பதுதான் கணக்கு.

மீன் வளர்க்காதே என்று நான் சொல்லவில்லை. பாக்கெட் உப்பு வாங்கு என்றும் சொல்லவில்லை. அதைக் கலந்தாலும் அதே 35 கிராம்தான். கோவளத்தில் வீடு இருப்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் பற்றி ஆயிரம் புகார் உண்டு. ஆனால் அவைகூடப் பிரித்த உப்பை மறுபடி கடலில்தான் விடுகின்றன, பூந்தமல்லியில் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு கடலை வீட்டுக்கு அழைத்து வருகிறவர், அதைத் திருப்பிக் கொண்டுபோய் விடவும் வேண்டும். சென்னைக்குக் காலி கேனோடுதானே போகிறார்?

இதை நண்பரிடம் சொன்னபோது மடக்கினார். தொட்டித் தண்ணீரை அப்படியே கடலில் ஊற்றக்கூடாதாம். அந்நிய மீனின் நோயோ, பாசியின் விதையோ போய்விடும். மத்தியதரைக் கடலில் 1984-ல் மொனாக்கோ மீன் காட்சியகத்துக்குக் கீழே கண்ணில் பட்ட ஒரு கடற்பாசி, மைல் மைலாகக் கடல் தரையை மூடிய கதையைச் சொன்னார். சபாஷ். கடலுக்குப் போகும் தண்ணீருக்கு இத்தனை யோசிக்கிற ஆள்தான், கொல்லைக்குப் போகும் தண்ணீருக்கு யோசிக்கவில்லை.

அதனால் வேறு வழி சொன்னேன். வேலூரில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ட்ரே. 40 லிட்டர் ஊற்றினால் நாலு விரற்கடை உயரம்கூட நிற்காது. சித்திரை வெயிலில் பத்து நாள். மழைக்காலத்தில் மேலே ஒரு பிளாஸ்டிக் கூரை, கொஞ்சம் பொறுமை. தண்ணீர் வானத்துக்குப் போய்விடும், கையில் ஒன்றரைக் கிலோ உப்பு நிற்கும். கோடிக்கணக்கில் செலவழித்து ஆம்பூர், வாணியம்பாடி பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இயந்திரம் வைத்துச் செய்வதும் இதைத்தான். கழிவு நீரைப் பிழிந்து, காய்ச்சி, ஒரு சொட்டும் வெளியே விடாமல் உப்பாக்குவது. இவருக்கு இது இலவசம்.

போன வாரம் போன் செய்தார். ட்ரே வைத்துவிட்டாராம். அவர் மனைவி, வடகம் காயவைக்க இடம் போச்சு என்று என்னைத் திட்டுகிறாராம். முதல் உப்பு எடுத்தாகிவிட்டது. அழுக்கு மஞ்சளாக, சமையலுக்கு ஆகாததாக.

"அதெல்லாம் சரிண்ணே. இந்த உப்பை என்ன பண்றது?"

சுத்திகரிப்பு நிலையங்களின் ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு ஆளில்லாமல் இத்தனை வருஷமாக அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நண்பரிடம், ஒரு சாக்கில் கட்டி வையுங்கள், அடுத்த முறை சென்னை போகும்போது காலி கேன்களுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துப்போங்கள் என்றேன்.

"கோவளத்துக்கா?"

"ஆமா. எங்கிருந்து எடுத்தீங்களோ அங்கேயே."

"படகுக்காரர் என்னைப் பைத்தியம்னு நெனைப்பாருண்ணே" என்றார்.