புரதமாவுப் பெட்டியில் தமிழ் எங்கே?

உப்பளத்தில் எடைதூக்கி உடலுக்கு உரமேற்றும் தம்பியரே! புரதமாவை அளவிறந்து உண்ணாதீர்! மிகைப் புரதத்தின் கழிவை வடிக்கும் சுமை சிறுநீரகத்தின்மேல் விழுகிறது. நலமுள்ள சிறுநீரகம் தாங்கலாம். நோயுற்றது விரைந்து கெடும். அந்நோயோ தொடக்கத்தில் அறிகுறி காட்டுவதில்லை. ஒரு கிலோ உடலெடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதம் எடைப்பயிற்சியாளர்க்கும் தசையைக் கூட்டாதென ஐதராபாத்திலுள்ள நடுவணரசின் ஊட்ட ஆய்வு நிறுவனம் 2024-இல் அறிவித்தது.

பெட்டிமேலுள்ள குறிப்பைப் படித்துத் தெளியலாமெனின், பலவற்றில் தமிழில்லை! 2020-ஆம் ஆண்டின் உணவுக் குறிப்பு நெறிமுறைப்படி ஆங்கிலமோ இந்தியோ போதும், தமிழ் கட்டாயமன்று. காசு தமிழனது, சிறுநீரகமும் தமிழனது, எச்சரிக்கை மட்டும் அயல்மொழியிலா? தமிழெழுத்தில்லாப் புரதமாவைத் தொடோம் எனச் சூளுரைப்போம்! பயறும் மீனும் நமக்குண்டு!