கம்பளத்துக்குக் கீழே ஒரு செம்மஞ்சள் கைப்பிடி



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் கிணற்று மோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய உருளை, அதாவது கொள்ளளவி, எதற்காக என்று பார்த்தோம். இம்மாதம் மின்சாரக் காருக்குள் போகிறோம். எங்களிடம் கார் ஏது என்று கேட்காதீர்கள். சொந்தக் கார் இல்லாவிட்டாலும் பிறருடைய காரைக் கழுவித் துடைத்தும், இருக்கைகளுக்கு உறை தைத்தும் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

மின்சாரக் கார்கள் இலங்கைக்குப் பெருமளவில் வந்தது 2014, 2015ஆம் ஆண்டுகளில்தான். அப்போது அவற்றின் இறக்குமதித் தீர்வை குறைவாக இருந்தது. வந்தவற்றில் அதிகமானவை யப்பானில் ஓடிப் பாவித்த நிசான் லீஃப் கார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்ட பின் புதிய வகைகளும் வருகின்றன. பழைய லீஃப் கார்களோ கைமாறிக் கைமாறி எங்கள் ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. கூடவே வந்த கைந்நூல்கள் யப்பானிய மொழியில் இருப்பதால் உரிமையாளர்களும் அவற்றைப் படிப்பதில்லை.

கிளிநொச்சிப் பக்கம் வாகன இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒரு சகோதரி இருக்கிறார். போரில் கணவரை இழந்தவர். தையல் இயந்திரத்தை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். அவரிடம் ஒரு லீஃப் கார் கம்பளம் மாற்ற வந்திருக்கிறது. பின் இருக்கையில் இருப்பவர் கால் வைக்கும் இடத்தில், தரையின் நடுவே, பழைய கம்பளம் ஒரு பக்கம் விடப்பட்டு மூன்று பக்கம் வெட்டப்பட்டிருந்தது. தூக்கிப் பார்த்தால் போல்ற் பூட்டிய இரும்பு மூடி. உரிமையாளரே அதைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கைப்பிடி.

பக்கத்துக் கடைத் தம்பி, யாரோ காரைப் பின்தொடரப் பூட்டிய கருவி என்றார். உரிமையாளர், “ஒண்டுமில்லை, இழுத்துக் கழட்டிப் பாருங்கோ தங்கச்சி” என்றார். இவர் கையை எடுத்துவிட்டார். முகாமிலிருந்து ஊர் திரும்பிய நாட்களில் மிதிவெடி வகுப்பில் எங்களுக்குச் சொன்னதைத்தான் செய்தார். தெரியாததைத் தொடாமல், யாரும் கிட்டப் போகாதபடி கதவைச் சாத்திவிட்டு, “அக்கா, ஒருக்கா வந்து பார்த்துச் சொல்லுங்கோ. இது என்னெண்டு தெரியாமல் நான் வேலை செய்யமாட்டன்” என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. தொடாமல் விடுவது உயிரைக் காக்கும். ஆனால் அதே வகைக் கார் நாளையும் வரும். அப்போதும் வேலையைத் திருப்பி அனுப்பமுடியாது. ஆகவே இருவரும் காருக்கு வெளியே நின்றபடியே, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து யோசித்தோம்.

முதலில் கம்பளத்தின் வெட்டு. அது பிளேட்டால் அவசரத்தில் கீறியது அல்ல. ஓரம் ஒழுங்காக, தொழிற்சாலையிலேயே வெட்டி வந்தது. தையல்காரிக்கு அது உடனே தெரிந்துவிட்டது; எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். ஆக, பின்னர் யாரோ திருட்டுத்தனமாகப் பூட்டிய கருவி என்ற கதை அதோடு முடிந்தது. காரைச் செய்தவர்களே, எப்போதாவது ஒருவர் இதைத் திறக்கவேண்டி வரும் என்று எண்ணி வழி விட்டிருக்கிறார்கள். ஆனால் சும்மா போகிற கை அதில் படக்கூடாது என்றுதான் மூடிபோட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது நிறம். மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் உயர் அழுத்த மின்சாரம் போகும் வயர்களுக்கு உலகெங்கும் செம்மஞ்சள் உறைதான். முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தபோது அங்கேயும் தடித்த செம்மஞ்சள் வயர்கள் தெரிந்தன. இதுவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவது இடம். லீஃப் காரின் பெரிய பற்றரி முன்னால் இல்லை. தரைக்கு அடியில், முன் இருக்கைகளுக்கும் பின் இருக்கைக்கும் கீழே படுத்திருக்கிறது. 24 கிலோவாற் மணி கொள்ளளவுள்ள முதல் வகையில் 48 பெட்டிகள் இருக்கின்றன. பாதி முன்னே, பாதி பின்னே. எல்லாம் ஒன்றோடொன்று தொடராக இணைந்து சுமார் 360 வோல்ற் தருகின்றன. எங்கள் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். இந்தக் கைப்பிடி முன் பாதிக்கும் பின் பாதிக்கும் நடுவே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கினால் பற்றரிக்கு இடையில் ஒரு பிளாஸ்திக் துண்டு செருகியிருக்கும். அது இருக்கும்வரை பொம்மை அசையாது. கைப்பிடியின் வேலையும் அதுதான், மறுபக்கமாக. இது செருகியிருக்கும்வரை சங்கிலி முழுமை. கழற்றினால் நடுவில் அறுந்துவிடும். உள்ளே ஒரு பெரிய உருகியும் இருக்கிறது. ‘சேர்விஸ் பிளக்’ என்பது இதன் பெயர். ஓட்டுபவருக்கு இதனால் ஒரு வேலையும் இல்லை. பற்றரியையோ உயர் அழுத்த வயர்களையோ திருத்தப் போகிறவருக்கும், விபத்தில் சிக்கிய காரில் வேலைசெய்ய வரும் தீயணைப்புப் படையினருக்கும் உரியது.

காரை நிறுத்தினாலே மின்சாரம் நின்றுவிடாதா என்று சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. நிறுத்தும்போது பற்றரிப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய ரிலேக்கள் விலகி, உயர் அழுத்தத்தைப் பெட்டிக்குள்ளேயே அடைத்துவிடும். ஆனால் ரிலே என்பது இரும்பும் செம்பும்தான். கூடிய மின்சாரம் பாய்ந்தால் அதன் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டியது வெளியே தெரியாது. வயரில் கைவைக்கப் போகிறவர் அதை நம்பி உயிரை விடமுடியாது. அதனால்தான் கண்ணால் பார்த்து, கையால் கழற்றி, தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் செய்து வைத்தார்கள். இன்னொருவர் தெரியாமல் திருப்பிப் போட்டுவிடாதபடி பையில் வைப்பதும் ஒரு காவல்தான்.

சரி, உரிமையாளர் சொன்னபடி இழுத்திருந்தால் என்ன? கார் முறையாக நிறுத்தப்பட்டு, ரிலேக்களும் விலகியிருந்தால் ஒருவேளை ஒன்றும் நடந்திராது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் பெரும் தீப்பொறி பாயலாம். வீட்டு மின்சாரம் ஆடலோட்டம். செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப்போகும், பொறி எழுந்தாலும் அடங்க இடமுண்டு. பற்றரியிலிருந்து வருவது நேரோட்டம். பொறி பிடித்தால் எளிதில் விடாது. பாதுகாப்பாகக் கழற்றிய பிறகும் இரண்டு பாதிகளிலும் தலைக்குச் சுமார் 180 வோல்ற் அப்படியே இருக்கும். காரின் மற்றப் பக்கத்தில் சென்ற மாதம் நாம் பார்த்த அதே கொள்ளளவியின் பெரிய அண்ணன் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது வடிய 10 நிமிடம் காத்திருக்கவேண்டும் என்பது நிசான் நிறுவனத்தின் அறிவுறுத்தல். இதற்குப் போடும் இறப்பர்க் கையுறை 1000 வோல்ற் தாங்கும் தனி வகை. பாத்திரம் கழுவும் கையுறை உதவாது.

எனவே சகோதரி அதைத் தொடவில்லை. உரிமையாளர் மூடியை வைத்து எல்லா போல்றையும் பூட்டியபின் கம்பளத்தை அளந்தார். புதிய கம்பளத்திலும் அதே இடத்தில் மூன்று பக்க வெட்டு விட்டு, ஓரத்தை மடித்துத் தைத்தார். அழகாக இருக்கட்டும், வெட்டில்லாமல் முழுதாகப் போடுங்கள் என்று உரிமையாளர் கேட்டாராம். இவர் சம்மதிக்கவில்லை. அவசரத்தில் அதைத் தேடுகிறவருக்கு வழி அடைபட்டுவிடும் என்று விளக்கியதும் அவரும் ஏற்றுக்கொண்டார். அந்த மடிப்புத் தையலுக்குத் தனிக்கூலி வாங்கினாரா என்று கேட்டேன். இல்லையாம். வாங்கியிருக்கவேண்டும் என்பதே என் எண்ணம்.

கார் கழுவும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். உள்ளே துடைப்பதற்கு ஈரத்துணி போதும். தரையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடி இல்லாமலோ போல்ற் குறைந்தோ இருந்தால் வேலையை நிறுத்தி உரிமையாளருக்குக் காட்டுங்கள். செம்மஞ்சள் வயரின் உறை கிழிந்திருந்தால் துணியால் சுற்றக்கூட முனையவேண்டாம். மோதுண்ட காரோ வெள்ளத்தில் நின்ற காரோ வந்தால், தெரிந்த திருத்துநர் பார்த்து முடிக்கும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

எல்லாக் கார்களிலும் இது ஒரே இடத்தில் இருக்காது. எங்கள் வீதிகளில் அதிகம் ஓடும் பிரியஸ் ஹைபிரிட் காரில் பின்பக்கம், சாமான் வைக்கும் இடத்தில் இருக்கும்; அதன் பற்றரி சுமார் 200 வோல்ற். சில புதிய கார்களில் கைப்பிடியே இல்லாமல், தீயணைப்புப் படையினர் வெட்டுவதற்கென்று அடையாளமிட்ட ஒரு சிறு வயர் வளையம் மட்டும் இருக்கும். பெற்றோலும் ஊற்றுகிறார்களே, இது சாதாரணக் கார்தானே என்று எண்ணாமல், ஹைபிரிட்டா என்று கேட்டுவிட்டுக் கம்பளத்தைத் தூக்குங்கள்.