உலகை ஆட வைத்தவருக்கு ஓய்வு இல்லை!

பௌத்த நூல்கள் வர்ணிக்கும் நரகங்களில் மிகவும் ஆழத்தில் உள்ளது அவீசி. அங்கே துன்பத்திற்கு இடைவெளியே கிடையாதாம். ஸ்வீடன் நாட்டு வாலிபர் ஒருவர், நண்பர் சொல்லக் கேட்டு, அந்தப் பெயரையே 'அவீச்சி' என்று சூட்டிக்கொண்டார். அந்தப் பெயர் உலகப் பிரசித்தி பெற்றது. ஆனால் அவருடைய வாழ்வோ 28 வயதிலேயே முடிந்துவிட்டது.

டிம் பெர்க்லிங் என்பது அவருடைய இயற்பெயர். 1989இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். 2018 ஏப்ரல் 20ஆம் தேதி ஓமன் தலைநகரான மஸ்கட்டில் காலமானார். செய்தி பரவிய மறுநாள் ஸ்டாக்ஹோமின் செர்கல் சதுக்கத்தில் ரசிகர்கள் பெருந்திரளாகக் கூடினர். ஒரு நிமிடம் மௌனம் காத்தனர். பிறகு அவருடைய பாட்டுக்கே ஆடினர். அழுதுகொண்டே ஆடியவர்களும் உண்டு.

மரணத்திற்குப் பின் மூண்ட விவாதம் இன்றும் ஓயவில்லை. அதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன.

இவர் சங்கீதக்காரரா?

மின்னணு நடன இசையில் வாத்தியக் கோஷ்டி தேவையில்லை. கணிப்பொறித் திரையில் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக அடுக்கி மெட்டு அமைக்கலாம். அவீச்சி இவ்விதம் தம் படுக்கையறையிலிருந்து தொடங்கியவர். 2011இல் வெளியான 'லெவல்ஸ்' அவரைப் புகழேணியில் ஏற்றியது. எட்டா ஜேம்ஸ் 1962இல் பாடிய பாட்டின் ஒரு துணுக்கு அதில் ஒலிக்கிறது. "பிறர் குரலை வெட்டி ஒட்டுவதும் பொத்தானை அமுக்குவதும் ஒரு கலையா?" என்று கேட்டவர்கள் பலர்.

2013 மார்ச்சில் மியாமி இசைவிழாவில் அவர் அமெரிக்கக் கிராமிய வாத்தியங்களை மேடையேற்றியபோது, அவருடைய ரசிகர்களே திகைத்தனர், சிலர் கூச்சலிட்டனர். சில மாதங்களில் அதே பாணியில் ஆலோ பிளாக் பாடிய 'வேக் மீ அப்' பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. வழக்கத்தை மீறத் துணிந்தவரை வெறும் பொத்தான்காரர் என்று ஒதுக்க இயலுமா? மெட்டுதான் அவருடைய பலம். 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த நினைவுக் கச்சேரியில், மனிதர்கள் நேரில் பாடியும் வாத்தியங்களை இசைத்தும் அந்த மெட்டுகளை எழுப்பினர். யந்திரத்தின் துணை குறைந்தும் அவை நின்றன.

யார் பொறுப்பாளி?

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. சில ஆண்டுகளுக்குள் அவர் 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தினார். இரவில் மேடை, விடிந்தால் விமானம். மேடைக் கூச்சத்தை விரட்ட மது. மதுவால் கணைய அழற்சி. 2014இல் பித்தப்பையும் குடல்வாலும் அகற்றப்பட்டன. 2016இல் மேடையைத் துறந்தார். மறு ஆண்டு வெளியான ஆவணப் படத்தில், இனிமேல் முடியாது என்று தாம் எத்தனையோ முறை சொன்னதாக அவரே கூறுகிறார்.

அவரைச் சுற்றியிருந்தவர்களையே ஒரு சாரார் குற்றம் சாட்டுகின்றனர். விலங்கு பூட்டி யாரும் அவரை இழுத்துச் செல்லவில்லை என்கின்றனர் மறு சாரார். இரண்டிலும் பாதி உண்மையே உண்டு. டிக்கெட்டுகள் முன்கூட்டியே விற்றுவிட்ட பிறகு ஒரு நிகழ்ச்சியை நிறுத்தினால் பலருக்கு நஷ்டம். ஒரு தனி மனிதரின் உடல்நிலையை நம்பிப் பலருடைய பிழைப்பு நடக்கும்போது, 'போதும்' என்று சொல்ல எவருக்கும் மனம் வருவதில்லை. ரசிகனுக்கும் இதில் பங்கு இல்லையா?

தம் மகன் அந்த வியாபார யந்திரத்திற்காகப் படைக்கப்பட்டவர் அல்லர் என்று குடும்பத்தார் அறிக்கையில் வேதனையுடன் கூறினர். அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. 2019இல் அவர் பெயரால் அறக்கட்டளை நிறுவி, இளைஞரின் மனநலத்திற்கும் தற்கொலைத் தடுப்புக்கும் பாடுபட்டு வருகின்றனர்.

அவர் பிறந்த அதே 1989இல் திறக்கப்பட்டது ஸ்டாக்ஹோமின் உருண்டை வடிவ அரங்கம். 2021இல் அதற்கு 'அவீச்சி அரங்கம்' என்று பெயர் மாறியது. பெயர்ப் பலகை பெருமைக்குரியதுதான். ஆயினும் களைத்துப்போன கலைஞன் ஒருவன், 'இன்று என்னால் முடியாது' என்று அச்சமின்றிச் சொல்லக்கூடிய நாள் வருமானால், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலி.