ஒரு திரை, நான்கு மேசைகள்



இந்த மாதம் ஒரு மன்னிப்போடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சில வாரங்களுக்கு முன் வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டம் ஸூமில் நடந்தபோது, வேத வினாடி வினா நடத்தும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. முழுத் திரையையும் பகிர்ந்திருந்தோம். ஏழாவது கேள்வியில் ஸ்லைடை நகர்த்தப் போய், கை தவறி அந்த விண்டோவையே மூடிவிட்டோம். அதன் பின்னால் திறந்தபடி இருந்தது வாட்ஸ்அப். அதில், ஒரு தங்கை அன்று மத்தியானம் எங்களை நம்பி எழுதியிருந்த ஜெபக் குறிப்பு. எல்லோரும் பார்க்க, சில வினாடிகள்.

மறுநாள் அவளிடமிருந்து "பரவாயில்லக்கா" என்று ஒரு வரி வந்தது. ஆனால் அடுத்த இரண்டு வெள்ளியும் அவள் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். இதைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதலாமா என்றும் கேட்டோம். "எழுதுங்க. என்ன குறிப்புன்னு மட்டும் எழுதாதீங்க. மத்தவங்களாவது கவனமா இருக்கட்டும்" என்றாள். அவள் சொன்னதற்காகவே இதை எழுதுகிறோம்.

நர்ஸ் வேலையில் இருக்கும் எங்களுக்கு இது இரட்டை வெட்கம். வார்டில் கணினியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டாமல் எழ மாட்டோம். மருந்து கொடுக்கும்போது ஒருவருக்குக் கொடுத்து, எழுதி முடித்த பிறகுதான் அடுத்தவர். ஒவ்வொருவரிடமும் பெயரும் அடையாள எண்ணும் சரிபார்த்த பிறகுதான் கை நீளும். இருவருடைய காரியத்தை ஒரே நேரத்தில் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதலாம் ஆண்டிலேயே பழகிய பாடம். அந்தப் பாடம் வீட்டுக்கு வந்ததும் எங்கே போயிற்று?

அன்று மாலை அந்த மடிக்கணினியில் என்னென்ன திறந்திருந்தன என்று பிறகு எண்ணிப் பார்த்தோம். வினாடி வினா ஸ்லைடு, வாட்ஸ்அப், அடுத்த வார டியூட்டி அட்டவணை, பாதியில் நின்ற மேற்படிப்புக் கட்டுரை, தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகனின் சொல்வதெழுதுதல் பட்டியல், மின்கட்டணம், அப்புறம் எதற்காகத் திறந்தோம் என்றே தெரியாத பதினைந்து இருபது பக்கங்கள். எங்கள் நாலறை வீவக வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்றுதான். அதிலேதான் வீட்டுப்பாடம், அதிலேதான் துணிக்கு இஸ்திரி, அதிலேதான் விருந்தாளிக்குத் தேநீர். திரையும் அந்த மேசையைப் போலவே ஆகிவிட்டது.

வீட்டில் இன்னொரு மேசை போட இடமில்லை. கணினியில் உண்டு, அதுவும் செலவில்லாமல். அதற்குத்தான் விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்று பெயர். ஒரே திரைக்குப் பின்னால் பல மேசைகள். ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று மட்டும்.

இது புதிய யோசனை அல்ல. 1986-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்ட் என்ற இருவர் 'ரூம்ஸ்' என்ற அமைப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். திரை சிறியது, விண்டோக்கள் அதிகம், எல்லாம் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகின்றன என்பதுதான் அவர்கள் பார்த்த பிரச்சினை. ஒரு வேலைக்கு வேண்டியவற்றை ஓர் அறையில் வைத்து, அறையிலிருந்து அறைக்குப் போகக் கதவு வைத்தார்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எதையாவது எடுத்துப் போக வேண்டுமானால் அதற்குப் 'பயண மூட்டை'. கடிகாரம் போல எந்த அறைக்குப் போனாலும் கூடவே வர வேண்டியவற்றுக்குச் 'சட்டைப்பை'. மேக் கணினிகளுக்கு இந்த வசதி 2007-இல் வந்தது. விண்டோஸில் 2015-இல், விண்டோஸ் 10-உடன் வந்தது. உங்களில் பலருடைய கணினியில் இப்போதே இருக்கிறது. திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் பொத்தானையும் டேப் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். திறந்திருப்பதெல்லாம் சின்னச் சின்னப் படங்களாகத் தெரியும். 'நியூ டெஸ்க்டாப்' என்பதைத் தட்டினால் புது மேசை தயார். எந்த விண்டோ எங்கே போக வேண்டுமோ அங்கே இழுத்துப் போடலாம். மேசையின் பெயரைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் ஒவ்வொரு மேசைக்கும் வேறு வேறு பின்னணிப் படமும் வைக்கலாம். எந்த மேசையில் இருக்கிறோம் என்று பார்த்தவுடனே தெரிய இது மிகவும் உதவும். விண்டோஸ், கன்ட்ரோல் இரண்டோடு இடது அல்லது வலது அம்புக்குறியை அழுத்தினால் மேசை மாறும். ஒரு மேசையை மூடினாலும் பயப்பட வேண்டாம், அதில் இருந்தவை பக்கத்து மேசைக்குப் போய்விடும். அந்தச் 'சட்டைப்பை'யும் உண்டு: சின்னப் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால், எல்லா மேசையிலும் காட்டு என்ற தேர்வு வரும்.

மேக் என்றால் கன்ட்ரோலோடு மேல் அம்புக்குறி. மேலே வலது ஓரத்தில் கூட்டல் குறி. மேக் தானாகவே மேசைகளின் வரிசையை மாற்றும் பழக்கமுள்ளது. 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வைத்த மேசையைத் தேட வேண்டியிருக்கும். பள்ளியில் குரோம்புக் கொடுத்திருந்தால், சதுரமும் இரண்டு கோடுகளும் போட்ட பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

எங்கள் கணினியில் இப்போது நான்கு மேசைகள். முதலாவது வீடு: கட்டணம், மகனின் பாடம். இரண்டாவது படிப்பு: கட்டுரையும் அதற்கு வேண்டியவையும் மட்டும். மூன்றாவது மனிதர்கள்: வாட்ஸ்அப், மின்னஞ்சல், நீங்கள் எழுதுவதெல்லாம். நான்காவது சபை: ஸ்லைடும் ஸூமும் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது கை தவறி ஸ்லைடை மூடினாலும் உங்களுக்குத் தெரியப்போவது வெறும் பின்னணிப் படம்தான். இன்னொரு நன்மையையும் கண்டோம். மூன்றாவது மேசையில் ஒருவர் எழுதியதை வாசிக்கும்போது பக்கத்தில் மின்கட்டணம் இல்லை. வாசிப்பது அவர் எழுதியதை மட்டும்தான்.

ஆனால் சில எச்சரிக்கைகள். முதலாவது, இது மேசைதான், பூட்டு அல்ல. அம்புக்குறி தெரிந்த யாரும் அடுத்த மேசைக்குப் போகலாம். அண்ணன் தம்பி ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் ஆளுக்கொரு பயனர் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். எழுந்து போகும்போது விண்டோஸோடு எல் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, வேறு மேசையில் இருக்கும் வாட்ஸ்அப்பின் அறிவிப்பு இந்த மேசையிலும் எட்டிப் பார்க்கும். திரையைப் பகிருமுன் 'டு நாட் டிஸ்டர்ப்' போடுங்கள். முழுத் திரைக்குப் பதிலாக ஸ்லைடு உள்ள விண்டோவை மட்டும் பகிருங்கள். அன்று நாங்கள் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே போதும்.

மூன்றாவது, மறைத்து வைத்தாலும் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பழைய கணினியின் பாரம் குறையாது. கணினியை அணைத்துத் திறந்தால் மேசைகள் இருக்கும், அவற்றின் மேல் இருந்தவை இருக்காது. ஆகவே சேமித்துவிட்டு அணையுங்கள்.

நான்காவது, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. பிடிக்காத வேலையை ஆறாவது மேசைக்குத் தள்ளிவிட்டு மறந்துவிடுவது மிகவும் சுலபம். எங்கள் கட்டுரை அப்படித்தான் ஒரு வாரம் பின்தங்கியது. அதனால்தான் நான்கோடு நிறுத்திக்கொண்டோம். ஞாயிறு இரவு நான்கையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து, வேண்டாததை மூடிவிடுகிறோம்.

அந்தத் தங்கை போன வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்திருந்தாள். ஜெபக் குறிப்பை மட்டும் இப்போது எழுதி அனுப்புவதில்லை. கூட்டம் முடிந்ததும் அருகே வந்து காதோடு சொல்கிறாள். அவளை நாங்கள் குறை சொல்ல முடியாது. போன நம்பிக்கை மெதுவாகத்தான் திரும்பும்.

வருகிற வெள்ளி ஸ்லைடு பொறுப்பு யாருக்கோ, அவர்கள் வியாழக்கிழமையே ஒரு தனி மேசை போட்டுப் பழகிவிடுங்கள். செய்து பார்த்துச் சிக்கிக்கொண்டால் ஆராதனைக்குப் பிறகு கணினியோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். வாட்ஸ்அப்பை மூடிவிட்டு வாருங்கள்!

அடுத்த இதழில் சந்திப்போம்.