விடுவதும் திட்டமே

நுழையும்முன்

பயணம், ஊர்தியில் ஏறுவதற்கு முன்பே, வரைபடத்தை விரிக்கும் பொழுதில் தொடங்கிவிடுகிறது. எங்கே செல்வது, எங்கே தங்குவது, எதைக் காணாமல் திரும்புவது என்னும் முடிவுகள், பயணம் செய்பவர் எதனை மதிக்கிறார் என்பதையும் காட்டிவிடும். அண்டைத் தீவாகிய இலங்கையில் மூன்று வாரம் செய்யத்தக்க சாலைப் பயணம் ஒன்றை முன்வைத்து இக்கருத்தை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஆற்றின் பெயரும் தீவின் பெயரும்

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை நெடுஞ்சாலையில், சிற்றாற்றின் கரையில் அமைந்த ஊர் கங்கைகொண்டான். கங்கை வரை படையனுப்பி வென்ற முதலாம் இராசேந்திர சோழனின் சிறப்புப் பெயரை அவ்வூர் தாங்கி நிற்கிறது. அம்மன்னனின் படை கடல் கடந்து இலங்கையையும் வென்றது. சோழராட்சியில் பொலன்னறுவை 'சனநாதமங்கலம்' எனப் பெயர் பெற்றது. அங்கு எழுந்த வானவன்மாதேவி ஈசுவரம் என்னும் கற்றளி இன்றும் உள்ளது.

கங்கைகொண்டானைக் கடந்து செல்லும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. அவ்வளைகுடாவின் மறுகரையில் உள்ள தீவுக்கும் 'தம்பபன்னி' என்பது பழம்பெயர். கிரேக்கர் அதனைத் 'தப்ரபேன்' என்றனர். ஆற்றுக்கும் தீவுக்கும் ஒத்த பெயர் அமைந்திருப்பது, இரு கரைகளின் உறவு மிகப் பழையது என்பதை நினைவூட்டுகிறது.

இத்தகைய ஊரிலிருந்து ஒரு குடும்பம், கோடை விடுமுறையில் 21 நாள் இலங்கையைச் சுற்றிவரத் திட்டமிடுகிறது எனக் கொள்ளலாம். அத்திட்டம் எவ்வாறு அமைய வேண்டும்?

தொலைவைக் கிலோமீட்டரால் அளத்தல் தவறு

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதி. வடக்குத் தெற்காக 430 கிலோமீட்டர் நீளமே உடையது. "சிறிய தீவுதானே, பத்து நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம்" என்னும் எண்ணம் இங்குத்தான் பிறக்கிறது. பெரும்பாலான பயணத் திட்டங்கள் தவறுவதும் இவ்வெண்ணத்தால்தான்.

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்குவழிச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் சென்றுவிடலாம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குத் தொலைவு அதனினும் சற்றுக் குறைவே. ஆயினும், தேயிலைத் தோட்டங்களின் ஊடே வளைந்து ஏறும் அச்சாலையைக் கடக்க இரண்டரை மணி நேரத்திற்குக் குறையாது. ஆகவே, நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுதல் பொருந்தாது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் ஊர்தியில் அமர்வதில்லை என்று வரையறுத்தலே அறிவுடைமை.

பருவம் வகுக்கும் பாதை

தென்மேற்குப் பருவமழை, மே மாதப் பிற்பகுதியில் தீவின் தென்மேற்குக் கரையையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கத் தொடங்கும். அக்காலத்தில் கிழக்குக் கரை வெயிலோடு அமைதியாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் நிலைமை தலைகீழாகும். வடக்கும் கிழக்கும் வடகீழ்ப் பருவமழையில் நனையும்போது, தெற்குக் கரை தெளிந்திருக்கும். ஒரே விடுமுறையில் தீவின் எல்லாக் கரைகளையும் நல்ல வானிலையில் காண இயலாது என்பதே இதன் பொருள்.

கோடையில் செல்வோர் காலியின் கோட்டையையும் தெற்குக் கடற்கரையையும் மற்றொரு பயணத்திற்கு விட்டுவைப்பதே தக்கது. கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ள மும்மொழிக் கல்வெட்டும் அதனால் விடுபடும். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டு, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அரிய கல்வெட்டு அது. அதனைக் காணாமல் திரும்புவது இழப்பே. ஆனால் எதையும் இழக்க மறுக்கும் திட்டம், எதையும் நின்று காண விடாது.

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணியர் கப்பல் தொடங்கப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் இயங்கியது. அது பயணிகளையே ஏற்றிச் செல்லும். சொந்தக் காரை அதில் கொண்டுசெல்ல இயலாது. அங்குச் சென்று வாடகை ஊர்தியையே நாட வேண்டும். தாமே ஓட்ட விரும்புவோர் பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும், அதற்கு அந்நாட்டின் ஏற்பும் பெற வேண்டும். இவ்விடத்தில் ஊர்தியோடு உள்ளூர் ஓட்டுநரையும் அமர்த்திக்கொள்வது நன்று. மலைச்சாலையை அறிந்தவர் அவர்; வழியில் உள்ள மனிதரோடு பேசத் துணைநிற்பவரும் அவரே.

பாதை இவ்வாறு அமையலாம்: யாழ்ப்பாணத்தில் தொடங்கி, ஏ9 நெடுஞ்சாலை வழியே அநுராதபுரம், மாத்தளை, கண்டி, பின்னர் நுவரெலியா, பதுளை, அங்கிருந்து கிழக்கே இறங்கி மட்டக்களப்பு, பொலன்னறுவை, திருகோணமலை வழியாக மீண்டும் யாழ்ப்பாணம். வடக்கிற்கு 5 நாள், மலைநாட்டிற்கு 5 நாள், கிழக்கிற்கு 5 நாள், பழைய தலைநகரங்களுக்கு 3 நாள். எஞ்சிய 3 நாளில் எதையும் எழுதாமல் வெறுமையாக விட வேண்டும். மழையால் மலைச்சாலை அடைபடலாம். கடல் கொந்தளித்துக் கப்பல் நிற்கலாம். வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். இவை ஒன்றும் நேராவிடின், பிடித்த ஊரில் இன்னொரு நாள் தங்கலாம்.

அழகு மட்டும் போதுமா?

தேயிலைத் தோட்டத்தின் பசுமை, படம் எடுக்கத் தூண்டும் அழகுடையது. ஆனால் திருநெல்வேலியிலிருந்து செல்வோர்க்கு அது வெறும் காட்சியாக இருத்தல் தகுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தால் புறப்பட்டோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே சென்றனர். காலராவாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 'கண்டிச்சீமை' என்று அவர்கள் அழைத்த நாட்டிற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட பயணத் திட்டம் ஏதும் இல்லை. திரும்பும் நாளும் குறிக்கப்படவில்லை.

அவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964இல் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவிற்கு அனுப்பப்பட வேண்டும் என வகுத்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அவ்வாறு வந்த குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

வடக்கிலும் நின்று நோக்க வேண்டிய இடங்கள் உள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மீண்டும் எழுப்பப்பட்ட அந்நூலகத்தில் இன்று மாணவர் அமர்ந்து படிக்கின்றனர். ஆனையிறவைக் கடக்கும் ஏ9 சாலை, போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த சாலை. இன்று அதில் தடையின்றிச் செல்ல முடிவதே எளிய செய்தியன்று.

"விடுமுறை மகிழ்வதற்கே உரியது, பிறர் துயரைச் சுமப்பதற்கு எதற்குப் பயணம்?" என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த பணத்தில், அரிதாகக் கிடைத்த விடுப்பில் செல்லும் குடும்பம் கடலில் குளித்து மகிழ்வதைக் குறைகூற இயலாது. துன்பம் நிகழ்ந்த இடங்களைக் காட்சிப்பொருளாகக் கண்டு படம் எடுத்துத் திரும்புவது அதனினும் இழிந்தது. இங்கு வேண்டப்படுவது துயரத்தின் சுற்றுலா அன்று, விருந்தினர்க்குரிய பண்பே. தன்னை வரவேற்கும் வீட்டின் கதையை அறிந்து உள்ளே நுழைபவரே நல்விருந்தினர். மாத்தளையில் அரைநாளும் யாழ்ப்பாண நூலகத்தில் ஒரு காலைப் பொழுதும் ஒதுக்குவதால் மகிழ்ச்சி குறைந்துவிடாது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளை அறிந்தபின், மலையின் பசுமை இன்னும் ஆழமாகவே தெரியும்.

திண்ணையில் தொடங்கும் பயணம்

பதினோராம் வகுப்பு மாணவர்க்கு இப்பயணம் உடனே வாய்க்காமல் போகலாம். ஆயினும், திட்டமிடுவதற்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. புவியியல் கற்றவர் பருவக்காற்றைப் பார்த்து மாதத்தைத் தேர்வார்; கணக்கு அறிந்தவர் நாள்களைப் பகுப்பார்; வரலாறு படித்தவர் நிற்க வேண்டிய இடங்களைக் குறிப்பார்.

இம்மூவர்க்கும் முன்பாகக் கேட்கப்பட வேண்டியவர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் தெருக்களில், கொழும்பிலோ கண்டியிலோ பிறந்து இங்கு வந்து சேர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருத்தல் கூடும். அவர்களின் நினைவில் உள்ள ஊரின் பெயரைக் கேட்டு வரைபடத்தில் புள்ளியிட்டுத் தொடங்கும் திட்டமே சிறந்த திட்டம். மற்ற இடங்களில் எதை விட்டாலும், அந்தப் புள்ளியை விடலாகாது.